கொழும்பில் இரண்டாட்டத் தகுதிச்சுற்று: இராமநாதபுரக் கரையிலிருந்து போய்ப் பார்க்க விரும்புவோருக்கு

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை மாலை நேரத்தில் பந்து உருளாத திடலைக் காண்பது அரிது. ஆனால் நாடுகளுக்கு இடையிலான கால்பந்துத் தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்றை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. நமக்கு மிக அருகில் அத்தகைய ஆட்டம் நடக்கும் நகரம் கொழும்பு. இந்திய அணி 2015-இல் நேபாளத்துடன் இரண்டாட்டச் சுற்றில் மோதி, குவாஹாட்டியில் 2-0 என வென்று, காத்மாண்டுவில் 0-0 எனச் சமன் செய்து முன்னேறியது. 2022, 2026 உலகக் கோப்பைகளுக்கான தகுதிப் போட்டிகளிலோ தரவரிசையின் காரணமாக நேராக இரண்டாம் சுற்றில் நுழைந்துவிட்டது. இலங்கை அணி 2015, 2019, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இரண்டாட்டச் சுற்று என்ற இந்த முதல் கதவைத் தட்டியே ஆக வேண்டியிருந்தது.

கொழும்புக்குப் போய் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தபோது, கால்பந்து தெரிந்தவர்களுக்குப் பயண விவரம் தெரியவில்லை. பயண முகவர்களுக்குக் கால்பந்து தெரியவில்லை. ஆட்டம் எந்த ஊரில் என்று முடிவாகும் முன்பே பணத்தைக் கட்டச் சொன்ன முகவரும் உண்டு. பல இடங்களில் அலைந்து சேர்த்தவற்றை, அடுத்து வருபவர் அலையாமல் இருக்க வேண்டும் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. இரண்டு ஆட்டங்களில் எது உங்களுக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

இந்தச் சுற்றில் இரண்டு அணிகளும் தத்தம் மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டம் ஆடும். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி, மொத்தத்தில் யார் முன்னிலையோ அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், மற்றவர்கள் வெளியேறுவார்கள். முதல் ஆட்டம் சமனில் முடிந்தால் அங்கே கூடுதல் நேரமும் கிடையாது, பெனால்டி உதைகளும் கிடையாது. எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தீர்ப்பு இரண்டாம் ஆட்டத்தில்தான். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இரண்டாம் ஆட்டத்துக்கே போங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. மேலே சொன்ன நான்கு சுற்றுகளிலும் ஃபிஃபா தரவரிசையில் மேலே இருந்த அணியின் பக்கமே முதல் ஆட்டம் அமைந்தது. 2015-இல் அப்போது உலகத் தரவரிசையின் கடைசியில் இருந்த பூட்டானுடன் மோதியபோது இலங்கை மேலே இருந்ததால் கொழும்பு ஆட்டம் முதலில் வந்தது. பூட்டான் அங்கே 1-0 எனவும் திம்புவில் 2-1 எனவும் வென்று இலங்கையை வெளியேற்றியது. அதற்குப் பிந்தைய மூன்று முறையும் இலங்கை கீழே இருந்ததால் கொழும்புக்கு இரண்டாம் ஆட்டமே ஒதுக்கப்பட்டது. ஆகவே குலுக்கலில் இலங்கைக்கு எதிராக எந்த அணி வருகிறது என்று தெரிந்தவுடன் இரண்டு அணிகளின் தரவரிசையையும் பாருங்கள். கொழும்பு ஆட்டம் எந்தத் தேதியில் வரக்கூடும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகத்தை நம்பி விடுப்புக்குச் சொல்லி வைக்கலாம், பணம் மட்டும் கட்டக் கூடாது. விதிமுறை ஒவ்வொரு போட்டிக்கும் தனியாக எழுதப்படுவது.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மொத்தம் சமமானால் வெளி மைதானத்தில், அதாவது எதிரணியின் மைதானத்தில், அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்னமும் கணக்குப் போடுகிறார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அந்த விதியை 2021-இல் கைவிட்டது. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில், 2024 செப்டம்பரில், இலங்கை ப்னோம் பென்னில் கம்போடியாவுடன் 0-0 எனச் சமன் செய்து, கொழும்பில் 2-2 எனச் சமன் செய்தது. பழைய விதி இருந்திருந்தால் வெளி மைதானத்தில் இரண்டு கோல் அடித்த கம்போடியா முன்னேறியிருக்கும். நடந்ததோ வேறு: ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போய் 4-2 என இலங்கை வென்றது. பழைய கணக்கோடு அரங்கில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போயிருந்தால் அதுவரை செலவழித்ததெல்லாம் வீண்தான்.

2. நாட்காட்டியில் வியாழனையும் செவ்வாயையும் வட்டமிடுங்கள்

நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களைப் பெரும்பாலும் ஃபிஃபா ஒதுக்கும் நாட்களில்தான் நடத்துவார்கள் என்பதால் தேதிகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2015 மார்ச் 12, 17. 2019 ஜூன் 6, 11. 2023 அக்டோபர் 12, 17. 2024 செப்டம்பர் 5, 10. எல்லாமே வியாழன், செவ்வாய். இடையில் இருப்பவை வெள்ளி முதல் திங்கள் வரையிலான நான்கு நாட்கள். எனவே இரண்டாம் ஆட்டத்துக்குப் போகிறவர் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்களுக்கு விடுப்பு சொல்லி வைப்பது போதுமானது.

குலுக்கலுக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையில் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதே ஆவணங்களுக்கான உங்கள் கெடு. 2023-இல் கோலாலம்பூரில் ஜூலை 27 அன்று குலுக்கல் நடந்தது. ஆட்டம் அக்டோபர் 12 அன்று. பதினோரு வாரங்கள். கையில் பாஸ்போர்ட் இருப்பவருக்கு இது தாராளம். இல்லாதவர் குலுக்கல் நடந்த வாரத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும்.

மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜூன் மாத ஆட்டங்கள் பொருத்தமானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் தொழில் கெடாது. கையில் பணம் குறைவாக இருக்கும் காலமும் அதுவே என்பதை மறந்துவிடக் கூடாது. அக்டோபர் ஆட்டங்கள் வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருபவை. அதற்கான எச்சரிக்கையைப் பயண வழியில் சொல்கிறேன்.

3. மைதானம் எழுத்தில் உறுதியாகும் வரை எந்தக் கட்டணமும் கட்டாதீர்கள்

‘சொந்த மைதானம்’ என்பது எப்போதும் சொந்த நாட்டில் இருக்கும் என்று எண்ணுவதுதான் இந்தச் சுற்றின் மிகப் பெரிய பொறி. போர், பாதுகாப்பு, மைதானத்தின் தரம் ஆகிய காரணங்களால் ஓர் அணியின் சொந்த ஆட்டம் வேறு நாட்டுக்குப் போய்விடும். 2023-இல் இலங்கைக்கு எதிரான ஏமனின் சொந்த ஆட்டம் சவூதி அரேபியாவின் அப்ஹாவில் நடந்தது. ஏமன் 3-0 என வென்றது. அதே சுற்றில் ஆப்கானிஸ்தான் தன் சொந்த ஆட்டத்தைத் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் ஆடியது. 2017-இல் சிரியா தன் சொந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை வரவேற்ற இடம் மலேசியாவின் மலாக்கா. கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் சவூதியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அப்ஹா ஆட்டம் உள்நாட்டுப் பயணத் தொலைவில் இருந்தது. ஏமன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, போக முடியாத இடம் என்று விட்டுவிட்டவர்கள் அதில் இருந்திருப்பார்கள்.

இரண்டாவது பொறி, ஆட்டமே நடக்காமல் போவது. 2019 ஜூனில் மக்காவு தன் சொந்த ஆட்டத்தைச் சீனாவின் ஜுஹாயில் ஆடி 1-0 என வென்றது. பின்னர், அந்த ஆண்டு ஈஸ்டர் நாளில் இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளைக் காரணம் காட்டி, மறு ஆட்டத்துக்குக் கொழும்புக்கு அணியை அனுப்ப மறுத்துவிட்டது. ஃபிஃபா அந்த ஆட்டத்தை 3-0 என இலங்கைக்கு வழங்கியது. இலங்கை முன்னேறியது, பார்வையாளர் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

எனவே மைதானம், தேதி, தொடங்கும் நேரம் ஆகிய மூன்றும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பக்கத்திலோ இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ வெளிவந்த பிறகே விமானச் சீட்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் அழகான அட்டவணைப் படங்களை நம்ப வேண்டாம். நேரத்தைப் பொறுத்தவரை கொழும்புக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: ப்னோம் பென் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே, சவூதி இரண்டரை மணி நேரம் பின்னே.

4. பாஸ்போர்ட்டும் அதிலுள்ள பெயரும்

இராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருவது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். ஆதார், பிறந்த தேதிக்கான சான்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை எடுத்துச் செல்லுங்கள். நகலை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காவல்துறை விசாரணைக்கு அழைப்பு வரும்போது கடலில் இருந்தால் விசாரணை தள்ளிப்போகும். விண்ணப்பத்தில் வீட்டில் இருப்பவர் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும். கல்ஃபிலிருந்து திரும்பி, பெட்டியில் வைத்ததோடு மறந்துபோனவர்களின் பாஸ்போர்ட் இந்தக் கணக்கில்தான் பெரும்பாலும் தவறுகிறது.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பெயர் முறை விண்ணப்பப் படிவங்களுக்கு ஒத்துவருவதில்லை. முதலெழுத்தோடு பெயர் எழுதிப் பழகிய நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் எப்போதும் சிக்கலே. சிலருடைய பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். விமானச் சீட்டிலும் இலங்கை நுழைவு அனுமதியிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள். முதலெழுத்தை விரித்தோ சுருக்கியோ எழுதாதீர்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பதிவு செய்வதற்கு முன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் தடுக்கத் தொடங்கியது. கொழும்புப் பயணத்துக்கு அது பொருந்தாது. என்றாவது வெளி மைதான ஆட்டத்துக்காக அமீரகம் போக நினைப்பவர்கள் பாஸ்போர்ட்டில் பெயரை இப்போதே சரிசெய்துகொள்ளலாம்.

5. இலங்கை நுழைவு அனுமதி

சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கு ‘இ.டி.ஏ.’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி போதும். வழக்கமாக 30 நாட்களுக்குத் தருவார்கள். இந்தியர்களுக்கான கட்டணமும் விலக்கும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. ஆகவே சென்ற ஆண்டு போய்வந்தவர் சொல்லும் தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தில் பாருங்கள். இணையத்தில் தேடும்போது முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த இடைத்தரகரின் பக்கம். தோற்றத்தில் அரசுப் பக்கம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. முகவரி ‘ஜிஓவி டாட் எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று குறிப்பிடுவது முறையானது. நீங்கள் பார்வையாளர், ஆட்டக்காரர் அல்லர்.

அச்சிட்ட அனுமதி, திரும்பும் சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகிய நான்கையும் ஒரே உறையில் வையுங்கள். மதுரையில் சீட்டுச் சரிபார்க்கும் மேசையில் திரும்பும் சீட்டைக் கேட்பார்கள். போனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மின்னஞ்சலைத் தேடித் திரையைத் தள்ளிக்கொண்டே நிற்பவருக்குப் பின்னால் வரிசை நீளும். காகிதம் இருந்தால் அரை நிமிட வேலை.

நம் கரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையுடன் விடுதலையான மீனவர்கள் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் ஊர்களில் பலர். உங்கள் மீது அங்கே அத்தகைய தீர்ப்பு இருந்தால், சுற்றுலாவாகப் போவதுதானே என்று விண்ணப்பிக்க வேண்டாம். தீர்ப்பின் நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஆணையரகத்தில் எழுத்துமூலம் விசாரித்துப் பதில் பெற்ற பிறகே அடுத்த படி. பதில் வரத் தாமதமானால் இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே அறிவுடைமை.

6. போகும் வழியும் சீட்டின் வகையும்

தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் இராமேசுவரத்திலிருந்து பயணிகள் கப்பல் இல்லை. படகில் கொண்டுபோய் விடுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சட்டபூர்வமான கடல்வழி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். அங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ரயில் உண்டு. அவகாசமும் யாழ்ப்பாணத்தைப் பார்க்கும் ஆசையும் இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் வானிலை கெட்டால் கப்பல் நிற்கும். அக்டோபர் பாதிக்குப் பிறகு அதை நம்பி ஆட்டச் சீட்டு வாங்காதீர்கள். போகும்போது விமானம், திரும்பும்போது கப்பல் என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் தவறாது.

விமானம் மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பு. இராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள் மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்ப வேண்டாம். விரகனூர் ரவுண்டானாவில் இறங்கினால் சுற்றுச்சாலை வழியாக ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ விமான நிலையம் பக்கம். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். பெட்டியோடு இறங்க வசதியாக முன்பக்க இருக்கையில் உட்காருங்கள்.

சீட்டு வாங்கும்போதுதான் ஆட்டத்தின் விதியும் பயணமும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டாம் ஆட்டத்தில் 90 நிமிடங்களுக்குப் பின்னும் மொத்தக் கணக்கு சமமாக இருந்தால் வழக்கமாக 30 நிமிடக் கூடுதல் நேரம், அதன்பின் பெனால்டி உதைகள். இடைவேளையையும் நிறுத்தங்களையும் சேர்த்தால் தொடங்கியதிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆகலாம். 2025 நவம்பரில் பாஸ்ராவில் நடந்த ஈராக்–அமீரகம் இரண்டாம் ஆட்டம், 90 நிமிடம் கடந்து வெகுநேரம் நீண்ட நிறுத்த நேரத்தில் கிடைத்த பெனால்டியில்தான் தீர்மானமானது. ஈராக் அந்த ஆட்டத்தில் 2-1 எனவும் மொத்தத்தில் 3-2 எனவும் வென்றது. கொழும்பு விமான நிலையம் இருப்பதோ நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கட்டுநாயக்கவில். செவ்வாய் இரவு விமானத்துக்குச் சீட்டு எடுப்பவர் 80-ஆவது நிமிடத்திலிருந்து கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் பயணம் புதன்கிழமையாகவே இருக்கட்டும். ஓரிரவு விடுதிச் செலவு தவிர்க்கக் கூடாத செலவு.

சீட்டின் வகை அடுத்தது. பணம் திரும்பாத மலிவுச் சீட்டு, கட்டணம் செலுத்தித் தேதி மாற்றக்கூடிய சீட்டு, பணம் திரும்பும் சீட்டு என்று மூன்று உண்டு. இந்தப் பயணத்துக்கு நடுவில் உள்ளதே சரி. முதல் ஆட்டம் வியாழன் இரவு முடியும். வெள்ளி முதல் ஞாயிறு வரை யோசிக்க நேரம் இருக்கிறது. 2023-இல் இந்தோனேசியா புரூணையை முதல் ஆட்டத்தில் 6-0 என வீழ்த்தியபின், இரண்டாம் ஆட்டத்தில் உயிர் இருக்கவில்லை, அதுவும் 6-0. அத்தகைய நிலையில் பயணத்தை வேறு மாதத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் மூன்று கோல் பின்தங்கியவுடன் கைவிட்டுவிடாதீர்கள். 2024-இல் கிழக்குத் திமோர் மங்கோலியாவை 4-1 என வென்றபின், மறு ஆட்டத்தில் 0-2 எனத் தோற்று, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பியது. இரண்டு கோல் பின்தங்கல் வரை கட்டாயம் போங்கள். மூன்று என்றால் மனசைப் பொறுத்தது. நான்குக்கு மேல் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த முடிவை முடிந்தவரை வெள்ளிக்கிழமை காலையிலேயே முகவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கீழக்கரை போன்ற ஊர்களில் ஜும்மா நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும். பயணத்துக்கு அருகில் போகப் போகத் தேதி மாற்றக் கட்டணமும் ஏறும்.

7. அரங்கச் சீட்டு

கொழும்பில் சுகததாச விளையாட்டரங்கமும் ரேஸ்கோர்ஸ் மைதானமும் சர்வதேசக் கால்பந்து ஆட்டங்களுக்குப் பயன்பட்டவை. சீட்டு விற்பனை எங்கே, எப்போது என்பதைச் சம்மேளனம் தன் சமூக ஊடகப் பக்கங்களில் அறிவிக்கும். ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும்போதுகூட அறிவிப்பு வரலாம் என்பதால், தினமும் ஒருமுறை பார்ப்பது அவசியம். இணையவழி விற்பனையில் இலங்கைத் தொலைபேசி எண்ணையோ உள்ளூர் அட்டையையோ கேட்டால், அங்குள்ள உறவினர் மூலம் வாங்குவது எளிது. நம் கரையில் அப்படி ஓர் உறவாவது இல்லாத குடும்பம் குறைவு. அவருக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பிறகு தருகிறேன் என்பது உறவைக் கெடுக்கும். மொத்தச் செலவில் அரங்கச் சீட்டு சிறு பங்குதான். ஆகவே வெயிலும் மழையும் படாத கூரையுள்ள பகுதியில் வாங்குவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தங்குமிடத்தை மைதானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சுகததாச என்றால் கொட்டாஞ்சேனை அருகில். ரேஸ்கோர்ஸ் என்றால் பம்பலப்பிட்டி அல்லது வெள்ளவத்தை. மூன்று இடங்களிலும் தமிழில் பேசியே காரியம் முடிக்கலாம்.

8. பணமும் போனும்

இந்திய ரூபாய் நோட்டாக 25,000 வரை மட்டுமே வெளியே எடுத்துச் செல்லலாம். அங்கே செலவுக்கு இலங்கை ரூபாய் வேண்டும். உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் ரசீதோடு மாற்றுங்கள். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் செயலிக்குள் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொத்தானை நீங்களே இயக்க வேண்டும். அதை ஊரிலேயே செய்து முடியுங்கள். எல்லாக் கடைகளிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வங்கி அட்டையிலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள்.

அரிச்சல்முனையில் நிற்கும்போது போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்புவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் கணத்தில் ரோமிங் திறந்திருந்தால் என்ன கட்டணம் விழுமோ, கொழும்பில் தங்கும் நாள் முழுவதும் அதே கதைதான். புறப்படும் முன் ரோமிங் திட்டம் போடுங்கள். அல்லது கட்டுநாயக்கவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்குங்கள். வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்கே வரும் என்பதால் பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

9. ஆட்ட நாள்

அக்டோபரில் கொழும்பில் மாலை நேர இடிமழை வழக்கம். குடையை வாயிலில் தடுக்க வாய்ப்பு உண்டு, மழைக் கோட்டே நல்லது. பாஸ்போர்ட்டை விடுதியில் பூட்டி வைத்து நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர்ப் புட்டியையும் பெரிய பையையும் வாயிலில் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். யார் ஆடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறுதியாகும். முதல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியவர் இரண்டாம் ஆட்டத்தில் ஆட முடியாது என்பதால், தனி ஒரு வீரரைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் வியாழக்கிழமை ஆட்டத்தின் அட்டைகளைக் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு கோல் விழுந்ததும் மொத்தக் கணக்கை மாற்றி மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்; அரங்கின் பலகை அன்றைய ஆட்டத்தின் கணக்கை மட்டும் காட்டலாம். 2023-இல் கொழும்பில் இலங்கை ஏமனுடன் 1-1 எனச் சமன் செய்தது. பலகையை மட்டும் பார்த்தவருக்குச் சமன். சுற்றின் முடிவோ 4-1 என ஏமனுக்கு.

10. திரும்பும்போது

கொழும்பு–மதுரை விமானத்தில் வருபவர்களின் பெட்டிகளைச் சுங்கத்துறையினர் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். இந்தத் தடத்தில் குருவிகள், அதாவது பிறருக்காகப் பொருள் கடத்துபவர்கள், பறந்த வரலாறு அவர்களுக்கும் தெரியும். போகும்போதும் வரும்போதும் பிறர் கொடுக்கும் பொட்டலம் எதையும், அது மருந்து என்று சொன்னாலும், தெருவில் தெரிந்தவர் கொடுத்தாலும், வாங்காதீர்கள். கால்பந்து பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் நம்ப வைப்பதற்கு அரங்கச் சீட்டின் அடிக்கட்டை உதவும்; அதைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஆட்டம் ரத்தானாலோ, வேறு மைதானத்துக்கு மாறினாலோ, அரங்கச் சீட்டுக்கான பணத்தை விற்றவரிடமே கேட்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தால், நிகழ்ச்சி ரத்தானதற்கு அது பொருந்துமா என்று விதிகளில் பாருங்கள். பெரும்பாலான மலிவுக் காப்பீடுகள் மருத்துவச் செலவையும் தொலைந்த பெட்டியையும் மட்டுமே ஏற்கும். பொருந்தும் என்றால், ரத்து அறிவிப்பின் திரைப்பிடிப்பு, அரங்கச் சீட்டு, விடுதி ரசீது, விமானச் சீட்டு ஆகியவற்றை ஊர் திரும்பிய வாரமே அனுப்பிவிடுங்கள். கோரிக்கைக்குக் கெடு உண்டு.